உரித்துக் கொடுத்த ஆரஞ்சு

— கோர்ட்டுல ஒன்பதரைக்குத்தான் கூப்பிடுவாங்க. இன்னும் நேரம் இருக்கு. எதிர்ப் பெஞ்சுல போய் உக்காருங்க.

— உக்காருங்கவா? இத்தனை வருஷம் வாடி போடின்னுட்டு, இப்ப என்ன லொரெதானா, மரியாதை?

— புகார் குடுத்தவளும் குற்றம் பண்ணினவனோட அம்மாவும் ஒரே பெஞ்சுல உக்காந்தா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

— மேல்மாடிக்காரியும் கீழ்மாடிக்காரியும்னு நினைப்பாங்க. இந்தா, காப்பி. மெஷின் காப்பிதான். உனக்குச் சர்க்கரை போடல.

— வேணாம்.

— குடி. விஷம் இல்ல.

— நுன்சியா, நேராவே கேட்டுடறேன். என் பையன் சவேரியோகிட்ட என்ன சொன்னீங்க?

— நானா? நீ பால்கனிக் கூடையோட கயித்தை அறுத்ததுலேருந்து அவன் முகத்தையே பாக்கலயே.

— நேத்து சொல்றான், புகாரை வாபஸ் வாங்கிடலாம்மான்னு. ஏண்டான்னா, ஞானத்தாய் நீங்க அழுவீங்களாம். குளிர்காலம் பூரா ஸ்கூலுக்குப் போகாம படுத்துக் கெடந்தான். செத்துப் போ, செத்துப் போன்னு தினம் போன்ல எழுதின உங்க மகனை விட்டுடணுமாம். நான் அழுதது அவன் கண்ணுல படவே இல்ல.

— மாதாவே. அப்படியா சொன்னான்?

— சந்தோஷமா இருக்கா?

— இல்லடி.

— முகத்துல தெரியுது.

— ஞானஸ்நானத்தப்ப அவனைக் கையில ஏந்தினவ நான். கொஞ்சம் பாசம் இருக்காதா?

— ஏந்தினீங்க, சரி. திருப்பிக் குடுத்தீங்களா?

— கப்பல் பட்டறை கேன்டீன்ல ரெண்டாவது ஷிப்ட் போனவ நீ. ஊருக்கெல்லாம் பரிமாறிட்டு வர வரைக்கும் பையன் பசியோட இருப்பானா? பால்கனியிலேருந்து கூடையை இறக்குடா, நுன்சியா ஏதாவது வைப்பான்னு நீதான் சொன்ன.

— கூடையை இறக்கத்தான் சொன்னேன். அவனே இறங்கி வந்து உங்க மேஜையில உக்காருவான்னு நினைக்கல.

— தனியா எப்படிச் சாப்பிடுவான்?

— தனக்குப் பசங்களைத்தான் பிடிக்கும்னு உங்ககிட்ட முதல்ல சொன்னான். எனக்கு எப்பத் தெரிஞ்சுது? அவனும் இன்னொரு பையனும் நிக்கற அந்தப் போட்டோ இன்டர்நெட்டுல வந்தப்புறம். தாரந்தோ ஊர் மொத்தமும் பாத்துச் சிரிச்சு முடிச்சப்புறம்.

— அம்மாகிட்ட போய்ச் சொல்லுடான்னு எத்தனை தரம் சொல்லிருக்கேன். பயந்தான்.

— என்கிட்ட பயம். உங்ககிட்ட இல்ல.

— பெத்தவகிட்டதானே பயம் வரும். கீழ்வீட்டுக்காரி என்ன நினைச்சா அவனுக்கென்ன?

— சமாதானம் சொல்லாதீங்க. எப்படிச் சொன்னான்?

— எதை?

— அதை. என்ன வார்த்தையில சொன்னான்? நான்தான் கேக்கவே இல்லையே.

— எதுக்குடி இப்ப?

— சொல்லுங்க.

— எனக்கு மிர்கோவைப் பிடிச்சிருக்கு, வெளிய மழை வருதுன்னான். ரெண்டையும் ஒரே மூச்சுல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆரஞ்சு சாப்பிடறியான்னு கேட்டேன்.

— உரிச்சுக் குடுத்தீங்களா?

— உரிச்சுத்தான் குடுத்தேன். அதுதான் வினையாப் போச்சு.

— என்ன வினை?

— கதவுக்குப் பின்னால என் மகன் கோசிமோ நின்னுட்டிருந்திருக்கான். ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு அப்புறம் கேட்டேன். அவனுக்கு உரிச்சுக் குடுக்கற, எனக்குத் தட்டுலேருந்து எடுத்துக்கோங்கறன்னான். இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு அழறான்.

— புரியுது.

— என்ன புரியுது?

— உங்க மகன் சொன்னது. மன்னிக்கல. புரியுதுன்னேன்.

— லொரெதானா...

— சரி, விடுங்க. வந்த விஷயத்தைச் சொல்லுங்க. இன்னிக்கு ஜட்ஜ் முன்னாடி சவேரியோ வேண்டாம்னுட்டா இதோட முடிஞ்சுதுன்னு வக்கீல் சொல்லிட்டார். அதுக்குத்தானே காப்பி?

— வாங்க விடாதேன்னு சொல்ல வந்தேன்.

— எதை?

— வாபஸ். எனக்காக அவன் விட்டுக் குடுக்க வேண்டாம். உள்ள போறதுக்குள்ள அவன்கிட்ட சொல்லு. நான் சொன்னா தப்பு. நீ சொல்லணும்.

— உங்க பையன் மேல கேஸ் நடக்கும்.

— நடக்கட்டும். கண்காணிப்புல போடட்டும், வாரா வாரம் அதிகாரி முன்னாடி போய் நிக்கட்டும், என்ன எழுதினோம்னு அவன் வாயாலயே படிக்கட்டும். இன்னிக்கு விட்டா வீட்டுக்குப் போற வழியிலயே மறந்துடுவான். அப்புறம் வேற ஒரு பையன். அந்தப் பையனுக்குக் கீழ்மாடியில யாரும் இல்லாமப் போகலாம்.

— பெத்தவ பேசற பேச்சா இது?

— பெத்தவதான் பேசறேன்.

— மாட்டினப்புறம் பேசறது சுலபம், நுன்சியா. யாருன்னே தெரியாதவன் மேலதான் நான் புகார் குடுத்தேன். பொய்ப் பேர்ல கணக்கு. கம்ப்யூட்டர் தெரிஞ்ச போலீஸ்காரங்க ஒரே வாரத்துல பிடிச்சாங்க. இல்லேன்னா உங்க கோசிமோ இன்னும் எழுதிட்டுத்தான் இருப்பான்.

— கம்ப்யூட்டர் ஒண்ணும் பிடிக்கல.

— பின்ன?

— கீழ முற்றத்துல, ஸ்கூட்டர் பக்கத்துல, சவேரியோவும் மிர்கோவும் நிக்கற அந்தப் போட்டோ. மேல் ஓரத்துல பச்சைக் கோடு போட்ட துணி ஒண்ணு தெரியும், பாத்தியா?

— பாத்தேன். யார் வீட்டுத் துணியோ.

— என் பால்கனியில வெயிலுக்குக் கட்டின துணி. நீ மேலேருந்து பாக்கிறவ, அதோட அடிப்பக்கம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தினம் அதுக்கடியிலதான் நிக்கறேன். அந்தப் போட்டோவை என் பால்கனியிலேருந்துதான் எடுத்திருக்கு.

— உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?

— பாத்த உடனே. கோசிமோ குளிக்கப் போனான். அவன் போனை எடுத்தேன். கையில மாவு, அதைக்கூடக் கழுவல. நேரா போலீஸ் ஸ்டேஷன். மேஜை மேல வச்சு, இது என் மகனோடதுன்னேன். யார் குடுத்தாங்கன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.

— சவேரியோவுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரியவும் வேண்டாம். லொரெதானா? ஏன் இப்படிப் பாக்கற? எழுந்திரு, பேர் கூப்பிடறாங்க.

— என் பையனுக்காக அதையும் நீதானாடி முதல்ல செஞ்ச?