ரத்தின் மேல் ஒரு ரத்து

ஐயோ, அந்தப் பொத்தானை இப்போ அமுக்காதீங்கம்மா. மன்னிச்சுக்கோங்க, அடுத்தவங்க லேப்டாப்பை எட்டிப் பாக்குறது அசிங்கம்தான். ஆனா இந்த சோஃபியா பஸ்ல ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஒரு சாண் இடம் இல்ல, கண்ணை எங்க கொண்டுபோய் வெக்கிறது? கூட வேலை செய்றவங்க எழுதிச் சேர்த்துவிட்ட புரோகிராமை மொத்தமா ரத்து பண்ணப் போறீங்க, அதானே? ஆமாம்மா, எனக்கும் அதே பொழப்புதான். இருபத்தாறு வருஷம். என் பேரு ஓக்னியான், கூட்டாளிங்களுக்கு ஓகி.

பண்ணவே கூடாதுன்னு சொல்லல. தப்புன்னா திருப்பி எடுத்துத்தான் ஆகணும். எந்த மனசோட எடுக்கிறோம்கிறதுலதான் எல்லாம் இருக்கு. நான் ஒருத்தனுக்குப் பண்ணினது இன்னும் முள்ளா குத்திட்டிருக்கு. அதை எடுக்கத்தான் இன்னிக்குப் போறேன். கேக்குறீங்களா? நான் இறங்குற பியாலா ஊர் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.

பிளாமென்னு பேரு. ஒரே மேசைக்கு அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒன்பது வருஷம். அவன் வீட்டுல சுட்டுக் கொண்டுவர்ற பனிட்சா பலகாரத்துல பாதி எனக்கு, நான் வாங்குற திட்டுல பாதி அவனுக்கு. ஆத்துல தண்ணி ஏறினா கரையோர ஊருங்களுக்குச் சங்கு ஊதுற மென்பொருள் எங்களோடது. அதைப் பதினோரு வாரம் தனியா உக்காந்து புதுசா எழுதினான். தலைமை நான். அதனால நான்தான் அதை வாங்கி எல்லாரோட வேலையோடயும் சேர்த்தேன். மறுநாள் காலையில வானத்துல ஒரு மேகம் இல்ல, ஆத்துல முழங்கால் தண்ணி, சங்கு ஊதிருச்சு! ஒரு ஊரே கோழியையும் குழந்தையையும் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடிச்சு. சிரிங்க, சிரிங்க, பரவாயில்ல. ஊர்த்தலைவர் போன்ல கத்தினப்போ எனக்குத்தான் சிரிப்பு வரல.

ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. பிளாமென் சொல்றான், ஓகி, சென்டிமீட்டரை மீட்டர்னு எடுத்துக்கிச்சுடா, மூணே வரிதான், சரி பண்ணிடறேன்னு. நான் கேக்கல. பதினோரு வாரத்தையும் ஒரே அடியில ரத்து பண்ணினேன். அவசரத்துக்குப் பண்ணினது, அது தப்பில்லன்னு இன்னிக்கும் சொல்வேன். ஆனா ரத்து பண்ணா ஒரு குறிப்பு எழுதணும் இல்ல? பிளாமெனின் வேலை நம்பத் தகாதது, நீக்கப்பட்டது. அதான் நான் எழுதினது. எழுதினதோட நின்னேனா? அத்தனை பேர் முன்னாடி சத்தமா படிச்சும் காட்டினேன். அவன் காது மடலெல்லாம் சிவந்துபோச்சு.

ரெண்டு நாள்ல அந்த மூணு வரியைத் திருத்திக் கொண்டுவந்தான். மறுபடியும் சேர்த்தேன். என்ன ஆச்சு தெரியுமா? மூணு வரி மட்டும் வந்து நின்னுச்சு. வீடே இல்லாம மூணு ஓடு. பதினோரு வார வேலை எங்கடா, வன்மத்துல அழிச்சுட்டியான்னு கத்தினேன். அவன் நிதானமா சொன்னான், ஓகி, எல்லாம் அங்கேயேதான் இருக்கு, உன் ரத்து அதுமேல உக்காந்திருக்கு, அதை எழுப்பு, மத்ததெல்லாம் தானா எந்திரிக்கும்னு.

உங்களுக்கும் இது புதுசா? கவனிங்கம்மா. ரத்து பண்ணா பழசு அழியாது. பக்கத்துலயே இது வேண்டாம்னு இன்னொரு வரி ஏறும், அவ்வளவுதான். திரும்பக் கொண்டுவந்து சேர்த்தா, மெஷின் இதை நான் அப்பவே வாங்கிட்டேனேன்னு சொல்லி, புதுசா வந்ததை மட்டும் எடுத்துக்கும். அந்த வேண்டாமைத்தான் முதல்ல ரத்து பண்ணணும்.

எனக்குத் தெரியாதான்னு கேக்குறீங்களா? தெரியும்மா. ஆனா ரத்தை ரத்து பண்ணா, நான் போட்டது தப்புன்னு என் பேர்லயே ஒரு வரி எல்லார் கண்ணுலயும் படுமே. அந்த ஒரு வரிக்குப் பயந்து அவனைப் பொய்யன்னு சொல்லிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையே வேலையை விட்டான். என் குறிப்பு அவனுக்கு முன்னாடி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருச்சு, வேற எவனும் அவனை எடுக்கல. மாமனார் கடையில குளிர்பெட்டி ரிப்பேர் பண்ணிட்டுக் கிடந்தான், நாலு வருஷம்.

போன வருஷம் ஒருநாள், ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பாத்து, அந்த ரத்தை எடுத்தேன். எழுந்து உக்காந்துச்சு பாருங்க, முழுசா! இன்னிக்கு வரைக்கும் ஒரு பொய்ச் சங்கு இல்ல. அதுக்கு நான் என்ன குறிப்பு எழுதினேன்? சிறு திருத்தம். வெக்கமா இருக்கும்மா சொல்ல. அப்புறம் அவனுக்குப் போன் பண்ணி, உன் மேசை காலியா இருக்கு, வாடான்னேன். மேசை கிடக்கட்டும், அந்த வரி என்னாச்சுன்னு கேட்டான். பழங்கதை எதுக்குடான்னேன். சிரிச்சான். நீ இன்னும் சேர்த்துச் சேர்த்துத்தான் பாக்குற ஓகி, ரத்தை எடுக்க மாட்டேங்குறன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்.

கோவத்துல ஒருத்தன் தன் வீட்டு வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சானாம். கோவம் தீந்ததும் ஜன்னல்ல நின்னுகிட்டு, விருந்துக்கு வா, விருந்துக்கு வான்னு கூப்பிட்டானாம். விருந்தாளி எந்த வழியா உள்ள வருவான்? வான்னு கூப்பிடறது சுலபம்மா. கையை அழுக்காக்கிக்கிட்டு ஒவ்வொரு செங்கல்லா எடுக்கணும். எத்தனை பேர் பாக்க அடைச்சோமோ, அத்தனை பேர் பாக்க எடுக்கணும். நீங்க ரத்து பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. குறிப்புல மட்டும் தப்பை எழுதுங்க, ஆளை எழுதாதீங்க.

ஆமா, இன்னிக்குச் சொல்லிடப் போறேன். அன்னிக்கு நின்னவங்கள்ல ஆறு பேரை வரச் சொல்லியிருக்கேன், அவங்க கார்ல வர்றாங்க. அவங்க முன்னாடி, எழுதினவன் நான், தப்பு என்னுதுன்னு, சத்தமா.

அவன் என்ன சொல்வான்னா?

தெரியலம்மா. அவன் பொண்டாட்டி ரோசித்சா வரலாம்னு சொல்லிட்டா. பன்னெண்டு மணிக்குப் பாதிரியார் வந்துருவாராம், படையலுக்குக் கோதுமையை அவளே வேக வெச்சு எடுத்துட்டு வர்றாளாம். நாப்பது நாள் வரைக்கும் உசிரு இங்கேயேதான் சுத்திட்டிருக்கும்னு சொல்றாங்க இல்ல? நான் அதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா எண்ணிப் பாத்தேன். இன்னிக்குத்தான் நாப்பது.

கொஞ்சம் காலை மடக்கிக்கோங்கம்மா. கல்லறைத் தோட்டத்து முனையிலயே நிறுத்தச் சொல்லணும்.