சுருதி மாறாத வேகம்

நல்ல பாட்டுத் தொகுப்பில் முதல் பாட்டு மெதுவாகத்தான் இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அதிரடியாக ஆரம்பித்தால் கேட்பவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஒரு டீச்சர், என் தங்கையின் கணவர், நான். மாதம் ஒரு தலைப்பு. மழை, ரயில், பொய், இப்படி. சீட்டெடுத்து, யார் பெயர் வருகிறதோ அவருக்காக ஒரு தொகுப்பு செய்து கொடுப்போம். ஒரே விதிதான்: முதல் தடவை கேட்கும்போது எந்தப் பாட்டையும் தாண்டக் கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. அதைக் கொண்டுவந்தவர் தங்கையின் கணவர். சொன்ன சொல் தவறாத மனிதர்.

ஒருமுறை என் தொகுப்பைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மச்சான், ஆனா கண்ணு சொக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் 'தாலாட்டு'. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

அப்புறம் அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. "பேசிக்கிட்டே நடக்கிற வேகம் போதும், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க" என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த மாதத் தலைப்பு விளையாட்டு. எனக்கு வந்த சீட்டில் அவர் பெயர்.

காது கேட்கும் கருவி விற்கும் கடையில் செவித்திறன் சோதிப்பது என் வேலை. எவ்வளவு மாற்றினால் காது கண்டுபிடிக்காது என்பது எனக்கு அத்துப்படி. நீச்சல், படகு, குத்துச்சண்டை, கால்பந்து, கடைசியில் ஓட்டப்பந்தயம் என்று பாட்டுகளை அடுக்கினேன். சுருதி மாறாமல் ஒவ்வொன்றின் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். தாளத்துக்குக் கால் போடாமல் அவரால் நடக்க முடியாது. கூடவே நடந்து பார்த்திருக்கிறேன்.

அதைக் கேட்டுக்கொண்டே நடந்தவர் மைதானத்தில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கலைந்துபோன பிறகு தங்கை கேட்டாள். "அண்ணா, அவர் கடைசியா கேட்ட பாட்டையெல்லாம் எனக்கும் போட்டுக் கொடேன்." பாட்டுகளின் வேகத்தைப் பழையபடி குறைத்துக் கொடுத்தேன். அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான், வேறெதற்காகவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்து கேட்டாள்.

"இது இல்லண்ணா. மைதானம் வரைக்கும் நானும் போனேன்ல, ஒரு இயர்போனை என் காதுலயும் மாட்டிவிட்டாரு. படகுப் பாட்டு இதைவிட விறுவிறுன்னு இருந்துச்சே."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவர் சாகணும்னா நெனச்ச?"

"இல்லம்மா. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்னுதான்."

இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னை அழைத்து வந்தவள் அவள்தான். வெளியே பெஞ்சில் இருக்கிறாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவருடைய போனை என்னிடம் கொடுத்தார்கள். அவர் முகத்தைப் பார்க்கப் போகும் முன்பே அதைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பாட்டு வரை வந்திருந்தார். ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. என் கண் கலங்கியது. துக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது சொல்லும்போதும் நெஞ்சு நிமிர்கிறதே, துக்கத்தில் யாருக்காவது அப்படி ஆகுமா?