மாறக் கூடாத முகவரி

கேள்விக்குறி உள்ள முகவரியை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, சார். எங்கள் எஸ்டேட்டின் இணையதளத்தில் முன்பு அப்படித்தான் இருந்தது. கொழுந்து பறிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் முகவரியில் கேள்விக்குறி, சமன்குறி, ஏதோ ஓர் எண். அதையெல்லாம் நான்தான் நீக்கினேன். எஸ்டேட் பெயர், சாய்கோடு, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயன்-மூன்று, சாய்கோடு, வாசுகி. இப்போது குழந்தைகூடப் படிக்கலாம்.

அதையே கியூஆர் கோடாகத் தேயிலை பாக்கெட்டில் அச்சிட்டோம். டெல்லியில் டீ குடிப்பவர் போனைக் காட்டினால், 'இவர் லயன் மூன்றில் வசிக்கிறார்' என்ற வரியோடு வாசுகி சிரிப்பார்.

பாக்கெட்டுகள் கடைக்குப் போன பிறகு வாசுகி ஓய்வு பெற்றார். எமரால்டு என்ற ஊரில் இருக்கும் மகள் செல்வி வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார்.

"அதுக்கென்னங்கண்ணா, ஒரு ரீடைரக்ட் போட்டுடலாம். பழைய முகவரிக்கு வர்றவங்க தானா புதுசுக்குப் போயிருவாங்க" என்றான் என்னோடு வேலை பார்க்கும் ஜினோ. வாசல் தேடி வந்தவரை வேறு வாசலுக்குத் தள்ளிவிடுவது மரியாதையா? நல்ல முகவரி மாறக் கூடாது. எங்கள் தொழிலில் எல்லோரும் இதைச் சொல்வார்கள், கடைப்பிடிப்பவர் குறைவு.

வாசுகியிடம் பொறுமையாக விளக்கினேன்.

"ஏனுங்க நவநீதன், எம் புள்ளைக்கு இந்த வாரம் பிரசவமுங்க. நான் போகாட்டி, உங்க டீ பாக்கெட்டா வந்து சுடுதண்ணி காச்சும்?"

நியாயமான கேள்விதான். அதனால் அவரை ஏற்றிப்போக ஜீப் வருவதற்கு முன் அவர் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். அவர் முன்பே போய்விட்டதாக ஜீப்காரரிடம் சொன்னேன். அந்த லயனில் மற்ற வீடுகள் காலி. யாருக்கும் தொந்தரவு இல்லை. ஜன்னல் வழியாகச் சோறும் ரசமும் கொடுத்தேன். உறைபனிக் காலம் என்பதால் இரண்டு கம்பளிகளும் கொடுத்தேன்.

அவருடைய போன் என்னிடம் இருந்தது. சார்ஜ் போட்டுத் தருவதாக வாங்கியிருந்தேன். செல்வி விடாமல் அழைத்தார். நான் எடுக்கவில்லை. பிறருக்கு வரும் அழைப்பை எடுப்பது முறையல்ல. பிறகு அழைப்புகள் நின்றன. குழந்தை பிறந்திருக்கும் என்று ஊகித்து, ஜன்னலில் போய் வாழ்த்துச் சொன்னேன். அவர் ரசத்தை என் முகத்தில் ஊற்றினார்.

நேற்று நீங்கள் வந்து பூட்டை உடைத்து, அவரை மகளிடம் அனுப்பிவைத்தீர்கள். பூட்டியது நான்தான், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் இப்போது அந்த முகவரியைத் திறப்பவருக்கு அங்கே வாசுகி இல்லை. அந்தக் குற்றத்தை யார் பெயரில் எழுதப் போகிறீர்கள், சார்?