நோட்டின் முதல் வரி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். செஞ்சிக் கடைவீதியில் யார் வசூல் நோட்டுப் போட்டாலும், முதல் வரியைத் தனகோட்டி மண்டிக்கென்று காலியாக விட்டுத்தான் கொண்டுவருவார்கள். நெல் மண்டி வைத்து முப்பது வருஷமாகிறது. நான் எழுதும் தொகைக்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள். எழுதினால் எனக்கு மரியாதைக் குறைவாம். கொடையாளர் விருது தருகிறோம், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று உங்கள் சங்கத்தில் கேட்டீர்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சேரன், கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். போன வருஷம் டீக்கடையில், நான் பின்னால் நிற்பது தெரியாமல், "தனகோட்டி அண்ணனா? பேனர் வச்சாதான் அவருக்குக் கை நீளும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் மகள் தமிழினிக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. ஏழு வயது. தன் ஈரலில் பாதியைத் தரத் தாய் கவிதா தயாராக இருந்தாள். காப்பீடு போக நாலு லட்சம் குறைந்தது. சேரன் சென்னை ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால், அவன் ஸ்டாண்டில் ஓட்டும் அஸ்ஃபாக்தான் நோட்டைக் கொண்டுவந்தான்.

"நீங்க ஆரம்பிச்சு வைங்கண்ணே, மத்தது தானா வந்துடும்."

ஐந்நூறு என்று எழுதினேன்.

"ஒரு சைபர் கொறையுதாண்ணே?"

"இல்லப்பா. மார்க்கெட் டல்லா இருக்குது."

யாரும் சைபர் சேர்த்துவிடக் கூடாதென்று எழுத்தாலும் எழுதினேன். பேனர் இல்லாமல் அடக்கமாகக் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணெய்க்கடை பார்த்திபன் ஐயாயிரத்தை எண்ணிக் கையில் வைத்திருந்தவர், என் வரியைப் பார்த்துவிட்டு முந்நூறு கொடுத்தாராம். நகைக்கடையில் நானூறு. அதன்பின் நூறும் ஐம்பதுமாக இறங்கியது.

பத்தாம் நாள் அஸ்ஃபாக் புது நோட்டோடு வந்தான். "பழச வுட்டுடுவோம்ணே. இதுல நீங்க மொதல்ல எழுதுங்க. புள்ளைக்கு டைம் இல்லையாம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு லட்சம் எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. பார்க்கலாம் என்றேன். சேரனே நேரில் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். மகளை விட்டு அவனால் எப்படி வர முடியும்? அதுவும் எனக்குத் தெரியும். சீ, என்ன மனுஷன் நான்.

இருபத்துமூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. பெரிய மாலை வாங்கிப் போனேன். அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் காலடியில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் அவள் படித்த பள்ளியில் அவள் பெயரில் குடிநீர்த் தொட்டி கட்ட வசூல் தொடங்கினார்கள். ஒரு லட்சம் எழுதினேன். இரண்டே நாளில் ஐந்து லட்சம் சேர்ந்துவிட்டது. பார்த்திபன் மட்டும் ஐம்பதாயிரம். எல்லோரும் நல்லவர்கள்தான். அவர்கள் கையைக் கட்டிப்போட்டவன் நான். அந்தக் குழந்தையைக் கொன்றவனும் நான்தான்.

மறுநாள் சேரன் மண்டிக்கு வந்தான். இளைத்துப்போயிருந்தான். ஆட்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பார்க்க, என் முன்னால் கைகூப்பினான்.

"என் பொண்ணு பேர நெலைக்க வச்சிட்டீங்கண்ணே."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அதற்கு முன்னால், ஒரே ஒரு நொடி, சந்தோஷமாக இருந்தது.