திருப்பிப் போட்ட ஆயில் சீல்

நான் போய்க்கொண்டிருந்த தொம்மலூர் பஸ்ஸுக்குத்தான் பிரேக் போகப்போகிறது என்று நம்பிவிட்டேன். முன்சீட்டில் இருந்த நரைத்த மீசை மெக்கானிக் தன் கூட்டாளியிடம் சொன்னது அப்படி.

“ஆயில் கசிஞ்சு பிரேக்குல எறங்கும் தம்பி. எறக்கத்துல வண்டி நிக்காது.”

குடையை இடுக்கிக்கொண்டு குதிக்கத் தயாரானேன்.

“எந்த வண்டிண்ணே?”

“காலையில முடிச்ச பழைய ஜீப்பு. பின் ஆக்சில்ல ஆயில் கசியாம தடுக்குற சீலைத் திருப்பிப் போட்டுட்டேன். இப்பதான் நெனப்பு வருது.”

“அய்யோ, அது விடிஞ்சா நந்தி மலைக்குப் போவுதே, புள்ளைங்களோட!”

“அதான்.”

“இத்தினி வருஷ மிஸ்திரி நீங்க. ஜீப்பு ஓனர்கிட்ட சொன்னா சிரிப்பாருண்ணே.”

“சிரிக்கட்டும். எறங்கு.”

இருவரும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, ஜீப் நிற்கும் ஜோகுபாளையத்துக்குத் திரும்பி நடந்தார்கள்.