பிறகு நினைவூட்டு

— நான் தொடலைன்னு இன்னும் எத்தனை தடவை சொல்றது?

— பின்ன யாருங்க தொட்டா? இந்த வீட்ல இருக்கிறது மூணு பேரு. நான் கடைக்குப் போயிருந்தேன். என் தம்பிக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது. மிச்சம் நீங்கதான்.

— சார், மேடம், ஒரு நிமிஷம். நான் கம்ப்யூட்டர் பாக்க வந்தவன். என்ன நடந்துச்சுன்னு சொன்னாதான் எனக்குப் பிடிபடும்.

— சொல்றேன் சார். இவன் பைக்ல அடிபட்டு ஏழு வருஷமாச்சு. கை, கால், பேச்சு, எல்லாம் போச்சு. கண்ணு மட்டும்தான் மிச்சம். திரைக்கு அடியில சின்னதா ஒரு கேமரா இருக்கு பாருங்க, அது இவன் எந்த எழுத்தைப் பாக்குறான்னு பிடிச்சு வார்த்தையாக்கும். கம்ப்யூட்டர் அதைச் சத்தமாச் சொல்லும். அந்தக் கேமரா கம்பெனிக்காரன் கடையைக் கட்டிட்டான். போறப்ப ஒண்ணு சொன்னான், பழைய சிஸ்டத்துலதான் இது ஓடும், புதுசுக்கு மாத்தினா கேமரா, குரல் ரெண்டும் செத்துப்போகும்னு. அன்னையிலேர்ந்து ‘புதுசு வந்திருக்கு, அப்டேட் பண்ணவா’ன்னு கேக்கும்போதெல்லாம் ‘பிறகு நினைவூட்டு’ன்னு அமுக்குறதே என் பொழைப்பு. பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் அமுக்குவேன். நாலு வருஷம் கட்டிக் காத்தேன் சார். செவ்வாக்கிழமை கடைக்குப் போய்ட்டு வர்றேன், திரையில வட்டம் சுத்திக்கிட்டு இருக்கு. இவர் சோபாவுல தூங்குறார்.

— தூங்குறவன் எப்படிடீ அமுக்குவான்? சொல்றதைக் கேளு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பதிவு அதிகாரி வீட்டுக்கே வர்றார். வீடு உன் தம்பி பேர்ல இருக்கு, விக்க இஷ்டம்னு அவன் குரலைக் கேட்டாதான் பதிவு பண்ணுவார். எனக்கு வெளிநாட்ல வேலை உறுதியாயாச்சு, அவனுக்குக் காப்பகத்துல கட்டில் சொல்லியாச்சு. இந்த நேரத்துல மிஷின் வாயை அடைக்க எனக்கென்ன கிறுக்கா?

— காப்பகத்துக்குப் போக அவர் ஒத்துக்கிட்டாரா சார்?

— அது எங்க குடும்ப விஷயம். நீங்க மிஷினைப் பாருங்க.

— ஒத்துக்கலை சார். ஞாயித்துக்கிழமை சொன்னோம். ‘நான் போகமாட்டேன், இது என் வீடு’ன்னான். அந்தக் குரலுக்கு ஏத்த இறக்கம் கிடையாது. அழுதாக்கூட செய்தி வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். அதையே சொல்லிட்டிருந்தான், சொல்லிட்டே இருந்தான். எனக்குக் காது தாங்கலை. திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன்.

— எவ்வளவு நேரம் மேடம்?

— மறுநாள் காலையில வரைக்கும்.

— இதெல்லாம் எதுக்கு அவர்கிட்ட ஒப்பிக்கிறே?

— ஏன், நீங்க செஞ்சதையும் சொல்லுங்களேன். திங்கக்கிழமை இவரே உக்காந்து டைப் அடிச்சு வெச்சார் சார். ‘வீட்டை விக்கிறதுல எனக்கு முழு விருப்பம்.’ ஒரு பட்டனை அமுக்கினா போதும், அவன் குரல்லயே வரும். யார் அமுக்கினாங்கன்னு அதிகாரிக்கா தெரியப்போகுதுன்னார். அவன் எதிர்லயே ரெண்டு தடவை ஓட்டியும் பாத்தார்.

— நீயும் பக்கத்துலதானே நின்னே? சத்தம் கொஞ்சம் கூட்டி வைங்கன்னு சொன்னது யாரு?

— நான்தான். இல்லைன்னு சொல்லலையே. ஆனா அவன் வாயையே பிடுங்கிப் போடணும்னு நான் நினைக்கலை. பழசுக்கு மாத்திக் குடுத்துருங்க சார், கும்பிடுறேன்.

— வழி இல்லை மேடம். அப்டேட் பண்றதுக்கு முன்னாடி, பழசை எடுத்து வைக்கவான்னு ஒரு கேள்வி வரும். எடுத்து வெச்சிருந்தா பத்து நாளைக்குள்ள திரும்பலாம். வேண்டாம்னு குடுத்திருக்கு.

— வேணும்னேதான் பண்ணியிருக்கீங்க. அவன் பேசப் பேச உங்களுக்கு எரிச்சல். கட்டின பாவத்துக்கு என் தம்பியைச் சகிச்சுக்கிட்டீங்க, அவ்வளவுதான்.

— சத்தியமா நான் இல்லை. ஏம்பா, இது யார் அமுக்கினதுன்னு கண்டுபிடிக்க முடியுமா? இவ நாக்கை அடக்கவாவது கண்டுபிடி.

— அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் சார். ஓடாட்டியும் அந்தக் கேமரா எழுதி வெச்ச பதிவு அழியலை.

— வாசிங்க சார். இவர் காதுல விழட்டும்.

— செவ்வாய், மதியம் ரெண்டு பத்து. அப்டேட் பண்ணவா? பண்ணு. பழசை எடுத்து வைக்கவா? வேண்டாம். சில கருவிகள் இனி இயங்காது, சம்மதமா? இந்த இடத்துல பதினோரு நிமிஷம் பதிலே இல்லை.

— அப்புறம்?

— சம்மதம்னு அமுக்கியிருக்கு. மூணும் கண்ணால அமுக்கினது மேடம்.