இருட்டுப் படம்

— கேமரா மூடி சிக்கிக்கிச்சுன்னு எழுதிடலாம்க்கா.

— சிக்கலையே தம்பி. நான்தான் திறக்கலை.

— அது நமக்குத் தெரியும். டைரக்டருக்கு எதுக்கு? செயற்கைக்கோள் இருக்கிறது பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர் தள்ளி. ஏணி வெச்சு ஏறிப் பார்க்கப் போறாரா?

— தினமும் காலையில பண்றதுதான். சூரியனைப் பார்க்கிற கேமராவுக்கு மூடியைப் போட்டு, கேமரா சரியா இருக்கான்னு பார்க்க இருட்டுல ஒரு படம் எடுத்துட்டு, ரெண்டு நிமிஷத்துல திறந்துடணும். நாலு வருஷமாப் பண்றேன். இன்னைக்கு மூடினேன். அதோட சரி.

— யாருக்கும் வர்ற மறதிதான்க்கா.

— நாலு மணி நேரமா? அதுக்குள்ள சூரியன்ல பெரிய வெடிப்பு ஒண்ணு வந்து முடிஞ்சுடுச்சு. இப்படி ஒரு வெடிப்பைப் பிடிக்கத்தான் இந்தக் கேமராவையே அனுப்பினாங்க. நம்மகிட்ட இருக்கிறது இருநூத்து நாப்பது கறுப்புப் படம். பரவால்ல.

— எதுக்கெடுத்தாலும் பரவால்லன்னு சொல்லாதீங்க. உங்களை வேலையிலேர்ந்து தூக்கிடுவாங்க.

— தூக்கினா வீட்டுல இருக்கணும். வீட்டுக்காரர் செத்துப் பத்தொன்பது நாளாச்சு. செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு. எடுத்து வைக்கத் தோணலை.

— நேத்தும் தூங்கலையா?

— ஒரு நாளும் தூங்கலை. கூரையைப் பார்த்துட்டுக் கிடக்கேன். அழுகையும் வரலை.

— டாக்டர் மாத்திரை கொடுத்தாரே?

— போட்டேன். மாத்திரைதான் தூங்குச்சு.

— இன்னைக்குத் திரையைப் பார்க்கும்போது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியலையாக்கா?

— கறுப்பா இருந்துச்சு. கண்ணை மூடினாலும் கறுப்பு, திறந்தாலும் கறுப்பு. பார்த்துட்டேதான் இருந்தேன். தப்புன்னே தோணலை.

— சரி, ரிப்போர்ட்டை எழுதலாம்க்கா.

— நீ பக்கத்து நாற்காலியிலதானே இருந்தே. உனக்கும் தெரியலையா?

— நான்... டீ குடிக்கப் போயிருந்தேன்.

— நாலு மணி நேரமும் டீயா?

— பாருங்க, டைரக்டர் மூணு மணிக்கு வந்துடுவார். சிக்கிக்கிச்சுன்னு போட்டுக் கையெழுத்து வைங்க. மீதியைப் பார்த்துக்கலாம்.

— பொய் நிக்காதுப்பா. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் குறிச்சு வெச்சிருக்கு. இரு, படிக்கிறேன். ஒன்பது மணி, மூடியை மூட உத்தரவு. என் பாஸ்வேர்டு, உன் பாஸ்வேர்டு. ரெண்டும் சேர்ந்தாத்தானே மூடி அசையும்.

— விடுங்கக்கா. அதை எதுக்குப் படிக்கிறீங்க?

— ஒன்பது இருபது, மூடியைத் திறக்க உத்தரவு. உன் பாஸ்வேர்டு மட்டும் இருக்கு.

— அக்கா...

— பதினொண்ணே முக்கால். சூரியன் வெடிச்ச நேரம். மறுபடியும் உன் பாஸ்வேர்டு மட்டும். அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்னுதைப் போட்டிருப்பேனே தம்பி. ஏன் கேட்கலை?

— கேட்கத்தான் ரெண்டு தடவையும் திரும்பினேன். நீங்க நாற்காலியில சாய்ஞ்சு தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலைக்கா.